அழிந்த ஆட்டக் கோப்புகளும் அவற்றை மீட்கும் நெறியும்

கணினியில் ஆடப்படும் ஆட்டமொன்றின் கோப்புகளை ஆராயுமிடத்து அவை இருவகைப்படுதல் புலனாகும். ஆட்டத்தை ஆக்கி விற்கும் நிறுவனத்தார் தந்தவை ஒருவகை. அதனை ஆடுவோர் தாமே ஆக்கிச் சேர்த்தவை மற்றொருவகை. முன்னையவை எத்துணை முறை அழியினும் கவலையில்லை. விலைகொடுத்து வாங்கியோர் அவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். உலகெங்குமுள்ள கணினிகளில் அவற்றின் பிரதிகள் எண்ணிலவாக உள. பின்னையவற்றின் நிலை அத்தகையதன்று. ஒரு சிறுவன் நான்கு ஆண்டுகளாக மாலைதோறும் கல்மேற் கல்லடுக்கிக் கட்டிய நகரமும், ஒரு மாணவி தன் ஆட்டத்து மாந்தருக்கென வரைந்த ஆடைகளும், நண்பர் இருவர் கூடி வகுத்த போர்க்களமும் பெரும்பாலும் ஒரே கணினியில் ஒரே பிரதியாக இருப்பனவாம். அவை போயின் அவற்றை வாங்குதற்குக் கடையேதும் இல்லை.

இத்தகைய கோப்புகள் பெரிதும் இழக்கப்படுவது கணினியின் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவும் வேளையிலேயாகும். இழந்தனவென்று கருதப்படுவனவற்றுட் சில உண்மையில் அழியாது வேறோரிடத்தில் இருக்கின்றன. சில அழியுந் தறுவாயில் நிற்கின்றன. சில மீளா வகையில் அழிந்துபோயின. இம் மூவகையையும் பகுத்தறியும் அறிவும், அறியும்வரை கணினியைத் தொடாதிருக்கும் பொறுமையும் உடையார்க்கே மீட்சி வாய்க்கும். அவ்வறிவின் கூறுகள் இக்கட்டுரையில் முறையே விளக்கப்படுகின்றன.

ஆடுவோர் ஆக்கும் வழக்கம்

ஆடுவோர் ஆட்டத்தைத் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைக்கும் வழக்கம் நெடுநாள் வரலாறுடையது. 1993 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஐடி சொவ்ற்வெயார் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ என்னும் ஆட்டம் இதற்கு வாயிலை அகலத் திறந்தது. அந்நிறுவனத்தார் ஆட்டத்தை இயக்கும் நிரலை ஒருபுறமும், களங்கள், படங்கள், ஒலிகள் ஆகியவற்றை ‘வாட்’ என்னும் தனிக் கோப்பில் மற்றொருபுறமும் வைத்தனர். ஆதலின், மூல நிரலைத் தீண்டாமலே பிறர் தத்தம் களங்களை ஆக்கிச் சேர்த்தல் கைகூடிற்று. நிறுவனத்தின் கோப்பு ‘ஐவாட்’ என்னும் நான்கெழுத்துக் குறியுடனும், ஆடுவோர் ஆக்கியது ‘பீவாட்’ என்னும் குறியுடனும் தொடங்குமாறு வகுத்தமை, இருவகைக் கோப்புகளின் வேறுபாட்டை அக்காலத்திலேயே அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகும்.

பின்னர் 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிம்ஸ்’ ஆட்டமும், 2011 இல் முழுமையுற்ற ‘மைன்கிராப்ட்’ ஆட்டமும் இவ்வழக்கத்தை இல்லந்தோறும் பரப்பின. முன்னையது மனையும் மாந்தரும் அமைத்தற்குரியது. பின்னையது கட்டிகளை அடுக்கி ஓர் உலகையே படைத்தற்குரியது. இவ்விரண்டனையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு மேல்வரும் செய்திகள் விளக்கப்படும்.

கோப்புகள் உறையும் இடங்கள்

பணிசெயல் முறைமையைப் புதுப்பிக்கும் முன்னர்ப் பலர் தம் கடிதங்களையும் ஒளிப்படங்களையும் வேறொரு தட்டிற் பிரதிசெய்துகொள்வர். ஆட்டத்தில் ஆக்கியவற்றை மட்டும் மறந்துவிடுவர். அவை தம் கண்ணிற் படும் இடத்தில் இல்லாமையே இதற்குத் தலையாய காரணமாகும். விண்டோஸ் முறைமையில் அவை உறையும் இடங்கள் நான்கு எனலாம்.

முதலாவது, ‘டொக்கியுமென்ற்ஸ்’ என்னும் கோப்புறை. 2014 இல் வெளிவந்த ‘சிம்ஸ் 4’ ஆட்டம் இதனுள் ‘எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ்’ என்னும் உறையினுள்ளே தன் பெயரில் ஓர் உறை அமைத்துக்கொள்கின்றது. அதனுள் ‘மொட்ஸ்’ என்பதிற் சேர்க்கைகளும், ‘சேவ்ஸ்’ என்பதில் ஆட்டத்தின் நிலையும், ‘ட்ரே’ என்பதில் ஆக்கி வைத்த மனைகளும் குடும்பங்களும் தங்குகின்றன.

இரண்டாவது, ‘ஆப்டேட்டா’ என்னும் மறைந்த கோப்புறை. மைன்கிராப்ட் ஆட்டத்தின் ஜாவாப் பதிப்பு, இதன் உட்பிரிவாகிய ‘ரோமிங்’ என்பதனுள் உலகங்களைச் சேமிக்கின்றது. மறைந்த உறைகளைக் காட்டுமாறு பணித்தாலன்றி இது கண்ணுக்குத் தோன்றாது. பல ஆண்டு உழைப்பு அறியாமலே அழிவதற்கு இம்மறைவு பெருங்காரணமாகும்.

மூன்றாவது, ஆட்டம் நிறுவப்பட்ட உறையே ஆகும். பழைய ஆட்டங்கள் பல, ஆடுவோர் வகுத்த களங்களைத் தம் நிரற் கோப்புகளுக்கு அருகிலேயே எழுதின. 2007 இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா, நிரல் உறையில் எழுதுதற்கு இருந்த உரிமையை இறுக்கியது. அதன்பின், அவ்வாறு எழுத முயலும் பழைய ஆட்டத்தின் கோப்பை, முறைமை தானே ‘வேர்ச்சுவல் ஸ்ரோர்’ என்னும் வேறோர் உறைக்குத் திருப்பி அனுப்புவதாயிற்று. இதுவும் ‘ஆப்டேட்டா’வின் உள்ளேயே உளது. பழைய ஆட்டமொன்றின் களங்களை அதன் சொந்த உறையில் தேடிக் காணாதார் இவ்விடத்தை நோக்குதல் வேண்டும்.

நான்காவது, இணையவழி விற்பனை நிலையங்களின் சேமிப்பிடம். ஸ்ரீம் போன்ற நிலையங்கள் சில ஆட்டங்களின் நிலையைத் தம் சேவையகத்திலும் வைத்துக் காக்கின்றன. எல்லா ஆட்டங்களுக்கும் இவ்வசதி இன்று. இருப்பினும், ஆடுவோர் சேர்த்த ஆக்கங்கள் எல்லாம் அதில் அடங்குவனவல்ல.

நிறுவுதலின் வகைகள்

‘முறைமையை மீண்டும் போட்டாயிற்று’ என்னும் ஒரே சொற்றொடர் வெவ்வேறு செயல்களைக் குறித்து வழங்குகின்றது. அவற்றை வேறுபடுத்தி அறிதலே மீட்சிக்கு முதற்படியாகும்.

தட்டை வடிவமைக்காமல், பழைய முறைமை இருந்த பிரிவிலேயே புதியதை நிறுவின், விண்டோஸ் பழையவற்றை அழித்துவிடாமல் ‘விண்டோஸ் டொட் ஓல்ட்’ என்னும் உறையினுள் ஒதுக்கி வைக்கும். பழைய பயனரின் கோப்புறைகளும், நிரல் உறைகளும் அதனுள் இருக்கும். இவ்வாறாயின் இழப்பு என்பதே நிகழவில்லை. மேற்கூறிய இடங்களை அவ்வுறையினுள் தேடி எடுத்துப் பிறிதோரிடத்திற் பிரதிசெய்தல் போதுமானது. ஆயினும், விண்டோஸ் 10, 11 ஆகிய பதிப்புகள் இவ்வுறையை வழமையாகப் 10 நாள் கழிந்தபின் தாமே நீக்கிவிடும். தட்டிலே இடம் பெறும்பொருட்டு ‘பழையவற்றைத் துப்புரவாக்குக’ என்னும் கட்டளையைத் தாமே இட்டு இவ்வுறையை இழந்தோரும் உளர். ஆதலின், புதிய முறைமை எழுந்த அன்றே இதனை நோக்குதல் கடன்.

தட்டு வடிவமைக்கப்பட்டதாயின், அதாவது ‘போமற்’ செய்யப்பட்டதாயின், நிலைமை வேறு. இதனை விளங்கிக்கொள்ளத் தட்டில் கோப்பு இருக்கும் முறையை அறிதல் இன்றியமையாதது.

தட்டும் அட்டவணையும்

விண்டோஸ் பயன்படுத்தும் என்.ரி.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமை 1993 இல் அறிமுகமாயிற்று. அதன் அமைப்பு ஒரு பெரிய நூலகத்தை ஒத்தது. நூல்கள் அடுக்கப்பட்ட தட்டுகள் ஒருபால். எந்நூல் எங்குள்ளது என்று கூறும் பதிவட்டைகள் மற்றொருபால். தட்டின் பரப்பு வழமையாக 4,096 பைற்று அளவுள்ள கொத்தணிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. தலைமைக் கோப்பு அட்டவணையில் ஒவ்வொரு கோப்பிற்கும் வழமையாக 1,024 பைற்று அளவுள்ள பதிவொன்று உண்டு. கோப்பின் பெயர், காலம், அது கிடக்கும் கொத்தணிகள் ஆகியன அப்பதிவிலேயே எழுதப்பட்டிருக்கும். 200 மெகாபைற்று அளவினதாகிய ஓர் உலகம் ஏறத்தாழ 51,200 கொத்தணிகளில் விரவிக் கிடக்கும் என்று கணக்கிடலாம். அவற்றை ஒன்றாகக் கோத்து ‘இது இன்ன உலகம்’ என்று காட்டுவது அச்சிறு பதிவேயாம்.

ஒரு கோப்பை நீக்கும்போது, நூலகர் நூலைத் தீயிடுவதில்லை. பதிவட்டையில் ‘இவ்விடம் வெறிது’ என்று குறித்துவிடுகிறார். நூல் அவ்விடத்திலேயே இருக்கும், புதிய நூலொன்று அவ்விடத்திற்கு வரும்வரை. விரைவு வடிவமைப்பில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. புதிய அட்டவணையொன்று தொடங்கப்படுகின்றது; பழைய அட்டவணையின் தொடக்கப் பகுதி அதனால் மூடப்படுகின்றது; எஞ்சிய பகுதியும் கொத்தணிகளிலுள்ள பொருளும் பெரும்பாலும் தீண்டப்படாது கிடக்கின்றன. விண்டோஸ் நிறுவுகையின்போது நிகழும் வடிவமைப்பு இவ் விரைவு வகையினதே. முழு வடிவமைப்போ விஸ்ராக் காலந்தொட்டுத் தட்டின் பரப்பெங்கும் சுழியத்தை எழுதுவது. அதன்பின் மீட்க யாதும் எஞ்சாது.

இங்ஙனமாயின், விரைவு வடிவமைப்பால் இழந்தோர் அஞ்ச வேண்டியதில்லை போலும் என்று எண்ணுதல் தவறு. வடிவமைப்பை அடுத்துப் புதிய முறைமை வந்து குடியேறுகின்றது. அது பல்லாயிரம் கோப்புகளை உடையது. தட்டிற் பல கிகாபைற்று இடத்தை நிரப்புவது. அதன் ஒவ்வொரு கோப்பும் அட்டவணையிற் பழைய பதிவொன்றின் இடத்தைக் கவர்கின்றது. ஒவ்வொரு கொத்தணியும் பழைய பொருளொன்றின்மேல் எழுதப்படக்கூடும். தவறுதலாக நீக்கிய ஒரு கோப்பை மீட்டல் எளிது. முறைமையை நிறுவியபின் மீட்டல் அரிது என்பதன் காரணம் இதுவேயாகும்.

முதற் கடமை

ஆதலின், இழப்பை உணர்ந்தவுடன் செய்யத்தக்கது யாதெனின், அக்கணினியில் மேலும் எதனையும் செய்யாமையே. கணினி வெறிதே இயங்கிக்கொண்டிருக்கும்போதும் முறைமை தன் குறிப்புகளையும் புதுப்பிப்புகளையும் தட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். இணையத்தில் வழி தேடினும் உலாவி தன் தற்காலிகக் கோப்புகளை எழுதும். ஆட்டத்தை மீண்டும் இறக்கி நிறுவின் பல கிகாபைற்றுப் பொருள் பழையவற்றின்மேல் விழும். மீட்கும் மென்பொருளை அதே தட்டில் இறக்கி நிறுவுதல் இவையனைத்தினும் வருந்தத்தக்கது. தேடப்படும் பொருளின்மேலேயே தேடுங் கருவியை வைத்தலை அது ஒக்கும். கணினியை நிறுத்தி, வேறொரு கணினியில் வழி ஆராய்தலே அறிவுடைமை.

தட்டை ஆராயும் முன்னர்ப் பிறவிடங்களிற் பிரதி உண்டோ என்று எண்ணிப் பார்த்தலும் வேண்டும். ‘டொக்கியுமென்ற்ஸ்’ உறை இன்றைய கணினிகள் பலவற்றில் ஒன்டிரைவ் சேமிப்பகத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். சிம்ஸ் 4 ஆடுவோர் முன்னர்ப் பொதுக் காட்சியகத்திற் பகிர்ந்த மனைகள் அங்கே இருக்கும். ஆயினும் பிறர் ஆக்கிய சேர்க்கைகள் அவற்றுடன் சேர்ந்து வருவதில்லை. நண்பரோடு கூடி ஆடிய உலகம் நண்பரின் கணினியில் இருத்தல் கூடும். எதிர்பாரா இடத்துப் பிரதியொன்று பேரிழப்பைத் தடுத்தமைக்கு, 1999 இல் வெளிவந்த ‘ரோய் ஸ்ரோரி 2’ என்னும் திரைப்படம் புகழ்பெற்ற சான்றாகும். 1998 இல் தவறான கட்டளையொன்றால் அப்படத்தின் கோப்புகளிற் பெரும்பகுதி பிக்சார் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து நீங்கியது. காப்புப்பிரதிகளும் செவ்வையாக இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. மகப்பேற்றின்பின் வீட்டிலிருந்து பணிபுரியும் பொருட்டு கேலின் சூஸ்மன் என்னும் பணியாளர் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதியே அப்படத்தைக் காத்தது.

மீட்கும் முறை

பிரதி எங்கும் இல்லையாயின், தட்டைக் கழற்றி மற்றொரு கணினியில் இரண்டாந் தட்டாக இணைத்தல் வேண்டும். வல்லுநர் அதன் பின்னும் மூலத்தட்டை நேரே ஆராயார். தட்டு முழுவதையும் கூறு கூறாகப் படித்து ஒரே படிமமாக வேறு தட்டில் எடுத்துக்கொண்டு, அப்படிமத்தையே ஆராய்வர். மூலத்திற்கு ஊறின்றிப் பன்முறை முயல்வதற்கு இது வழியாகும். மீட்கப்படும் கோப்புகளும் மூலத்தட்டில் எழுதப்படலாகாது. 2020 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட ‘விண்டோஸ் பைல் றிக்கவரி’ என்னும் கருவி, மூலமும் சேரிடமும் வேறாக இருத்தல் வேண்டும் என்று விதித்தலும் இக்கருத்துப்பற்றியே.

மீட்கும் மென்பொருள்கள் கையாளும் நெறி இரண்டு. பழைய அட்டவணையில் எஞ்சிய பதிவுகளைத் தேடி, அவை காட்டும் கொத்தணிகளைச் சேர்த்தெடுப்பது ஒன்று. இதனாற் பெயரும் உறையும் காலமும் கெடாமல் கோப்பு கிடைக்கும். பதிவு அழிந்தவிடத்து, கொத்தணிகளை ஒவ்வொன்றாக நோக்கி, கோப்பின் தொடக்கத்திலுள்ள அடையாளக் குறியைக் கொண்டு அதனைச் செதுக்கியெடுப்பது மற்றொன்று. கிறிஸ்ரொப் கிறெனியே ஆக்கி யாவர்க்கும் இலவசமாக அளித்த ‘போட்டோறெக்’ இவ்விரண்டாம் நெறியினது. இதிற் பெயர் கிடையாது. துண்டுபட்டுக் கிடந்த கோப்பு முழுமையாகக் கிட்டுவதும் அரிது.

ஈண்டு, ஒளிப்படத்தை மீட்டற்கும் ஆட்டக் கோப்பை மீட்டற்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. ஒளிப்படக் கோப்புகளின் குறிகளை எல்லா மீட்புக் கருவிகளும் அறியும். ஆட்டக் கோப்புகளோ ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடுவன. சிம்ஸ் ஆட்டத்தின் சேர்க்கைக் கோப்பு ‘டி.பி.பி.எப்.’ என்னும் நான்கெழுத்துடன் தொடங்கும். அக்குறியைக் கருவிக்கு அறிவித்து அதனைத் தேடலாம். மைன்கிராப்ட் உலகின் நிலப்பகுதிக் கோப்பிற்கு அத்தகைய குறியே இல்லை. அதன் முதல் 4,096 பைற்றில், அதனுள் அடங்கிய 1,024 நிலத்துண்டுகளும் கிடக்குமிடம் பற்றிய எண்களே உள. அடுத்த 4,096 பைற்றில் அவை மாற்றப்பட்ட காலங்கள் உள. அந்நிலப்பகுதி உலகின் எத்திசையில் எங்குள்ளது என்பதைக் கோப்பின் பெயரே கூறுகின்றது. ஆகவே, பெயரிழந்த நிலப்பகுதியொன்று கிடைப்பின், அதனுள்ளிருக்கும் ஆயங்களைப் பிரித்துப் படிக்கவல்ல ஒருவரே அதற்குரிய இடத்தைக் கூற இயலும். இத்தகைய கோப்புகளுக்கு முதல் நெறியே உற்ற துணை. அட்டவணைப் பதிவுகள் மேலும் அழியுமுன் செயற்படவேண்டும் என்பதன் இன்றியமையாமை இதனாலும் விளங்கும்.

மீளா நிலைகள்

திண்மநிலைச் சேமிப்பு எனப்படும் எஸ்.எஸ்.டி. தட்டுகளில் மேற்கூறிய நம்பிக்கை பெரிதும் குன்றும். 2009 இல் வந்த விண்டோஸ் 7 முதலாக, கோப்பு நீக்கப்படும்போதும் தட்டு வடிவமைக்கப்படும்போதும் ‘ட்ரிம்’ என்னும் கட்டளை தட்டிற்கு அனுப்பப்படுகின்றது. ‘இவ்விடம் இனி வேண்டியதில்லை’ என்னும் அக்கட்டளையைப் பெற்ற தட்டு, அவ்விடங்களைத் தானே துடைத்துப் புதிய எழுத்திற்கு ஆயத்தஞ் செய்கின்றது. பின்னர்ப் படிப்போர்க்குப் பெரும்பாலும் சுழியமே கிடைக்கும். தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்து, வடிவமைப்பால் அதன் திறவுகோற் செய்திகளும் அழிந்தவிடத்தும் மீட்சி இன்று. கொத்தணிகள் அழியாதிருப்பினும் அவற்றைப் படிக்க இயலாது. இந்நிலைகளில் மீட்டுத் தருவதாகக் கூறிப் பெரும்பணம் கேட்போரை நம்புதல் கூடாது.

மீட்டவற்றை மீள வைத்தல்

கிடைத்த கோப்புகளை உடனே ஆட்டத்தினுள் இடாது, அவற்றிற்குப் பிரதியெடுத்துப் பிரதியையே பயன்படுத்துதல் வேண்டும். ஆட்டத்தின் புதிய பதிப்பு பழைய உலகைத் திறக்குமிடத்து அதனைத் தன் வடிவிற்கு மாற்றி எழுதும். பின்னர்ப் பழைய பதிப்பில் அதனைச் செவ்வனே திறக்க முடியாதுபோகும். மைன்கிராப்ட் உலகின் தலைமைக் கோப்பு பழுதுற்றிருப்பின், ஆட்டமே அருகில் எழுதிவைக்கும் அதன் முந்திய பிரதியைப் பெயர்மாற்றிப் பயன்படுத்தலாம். அதுவும் இல்லையெனில், புதிய உலகொன்றைத் தொடங்கி, மீட்ட நிலப்பகுதிகளை அதனுள் இடலாம். கட்டிய நகரம் தோன்றும், அதன் எல்லைக்கப்பால் நிலம் மட்டும் பொருந்தாது நிற்கும். சிம்ஸ் 4 ஆட்டத்தைப் புதிதாக நிறுவியோர், சேர்க்கைகளை உரிய உறையில் வைத்தபின்னும் அவை தோன்றாமை கண்டு மனமுடைதல் உண்டு. சேர்க்கைகளை ஏற்குமாறு ஆட்டத்தின் தெரிவுகளிற் பணித்து மீளத் தொடங்கினால் அவை தோன்றும்.

காத்தலின் நெறி

மீட்டல் எத்துணை நுட்பமாயினும் காத்தலுக்கு ஈடாகாது. பணிசெயல் முறைமையை மாற்றும் முன் மறைந்த உறைகளைத் தோன்றச் செய்து, முன்னர்க் கூறிய நான்கிடங்களையும் நோக்கி, ஆக்கிய அனைத்தையும் புறத்தட்டொன்றிற் பிரதிசெய்து, அப்பிரதியை மற்றொரு கணினியில் திறந்து பார்த்தபின்னரே வடிவமைப்பிற்கு உடன்படல் வேண்டும். கணினியைத் திருத்துநரிடம் ஒப்படைப்போர் இதனை வாய்விட்டுக் கூறுதலும் வேண்டும். மறைந்த உறையினுள் ஒருவனுடைய நகரம் இருப்பதைத் திருத்துநர் அறியார்.

வாயாரச் சொல்லியும் முறைமையின் பிழையால் இழப்பு நேர்தல் உண்டு. 2018 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, பயனர் சிலரின் ‘டொக்கியுமென்ற்ஸ்’ முதலிய உறைகளிலிருந்த கோப்புகளை நீக்கிவிட்டமையால், மைக்ரோசொப்ட் அதன் வெளியீட்டைச் சில நாளிலேயே நிறுத்திவைத்து, பிழை நீக்கியபின் நவம்பரில் மீண்டும் வெளியிட்டது. ஆட்டங்கள் பல தம் கோப்புகளை வைக்கும் உறையும் அதுவே என்பதை நினைத்தல் தகும். மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்புகளில், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்று வழங்கும் விதி ஒளிப்படக்கலைஞர் பீற்றர் குறோ என்பாரால் பரப்பப்பட்டது. ஆட்டக் கோப்புகளுக்கும் அது முற்றும் பொருந்தும். ஒத்திசைக்கும் இணையச் சேமிப்பொன்றை மட்டும் நம்புதல் போதாது. ஓரிடத்தில் நீக்கியது மற்றோரிடத்திலும் நீங்குதல் அதன் இயல்பு.

ஆட்டந்தானே என்று இவ்விழப்பை எள்ளுவாரும் உளர். ஒருவன் தன் சிந்தையும் காலமுஞ் செலவிட்டு ஆக்கிய பொருள், தாளில் இருப்பினும் தட்டில் இருப்பினும், அவனுக்கு அரிய பொருளே. பழைய ஏடு செல்லரித்து உதிருமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்தவரின் செயலாலேயே பல நூல்கள் இன்று எம் கைக்கு எட்டின. பெயர்த்தெழுதுதற்கு அவர்க்கு மாதங்கள் சென்றன. ஒரு நகரத்தைப் பிரதிசெய்தற்கு இன்று சில நிமிடமே செல்லும். அச்சில நிமிடத்தை, வடிவமைக்கும் கட்டளை இடப்படுமுன் செலவிடுதலே நன்று.